தொட்டிப் பாசியும் நான் கேட்க மறந்த கேள்வியும்

1/
வீட்டில் கடல்நீர் மீன்தொட்டி வைத்திருப்பவர்களுக்கும், வைக்கலாமா என்று யோசிப்பவர்களுக்கும் இந்த இழை. தொட்டியே இல்லாதவங்களும் படிக்கலாம், கடைசியில உங்களுக்கும் ஒரு விஷயம் இருக்கு. தொட்டியில் பாசியை எப்படிக் கட்டுப்படுத்துவது என்பதுதான் தலைப்பு. அந்தப் பாசியை ஒழிக்கப் போய் நானும் என் மனைவியும் ஒரு ராத்திரி எமர்ஜென்சியில் படுத்த கதையும் நடுவுல வரும். கொஞ்சம் நீளம். டீ போட்டு எடுத்துக்கிட்டு வந்து உட்காருங்க.

2/
என் பொண்ணு தன் ஏழாவது பிறந்தநாளுக்குக் கேட்டது "நீமோ". சென்னையில் மீன் என்றால் கொளத்தூர். போனோம், ரெண்டு க்ளவுன் மீன், அஞ்சாறு நத்தை வாங்கினோம். தொட்டி மூணடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். சுமார் 180 லிட்டர். சில்லர், ஸ்கிம்மர், வேவ்மேக்கர், மரைன் சால்ட் எல்லாம் சேர்ந்து என்ன செலவாச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் மனைவியிடம் முழு உண்மை சொன்னதில்லை.

3/
கல்? நம்ம நாட்டில் கடினப் பவளங்கள் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. கடலில் இருந்து பெயர்த்த பவளத்தை யார் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. அதனால சுண்ணாம்புக் கலவையில் செய்த செயற்கைக் கல்தான் வச்சேன். அதையும் புதுசா வாங்கல. தொட்டியைக் கலைச்சுட்டு வெளிநாடு போன ஒரு நண்பர், "அஞ்சு வருஷம் ஓடின கல் டாக்டர், நல்லா பழகின கல்" என்று கொடுத்தார். அதில் ஒரு கல்லின் மேல் சட்டை பட்டன் மாதிரி பச்சையும் பழுப்புமா சின்னச் சின்ன உயிர்கள் கொத்தாக ஒட்டியிருந்தன. பார்க்க அழகு. இந்தக் கல்லை ஞாபகம் வச்சுக்கோங்க.

4/
முதல் மாசம் மணல் மேல பழுப்பா தூசி மாதிரி படிஞ்சது. இது டயாட்டம். புதுத் தொட்டி எல்லாத்துக்கும் வரும். தண்ணீரில் இருக்கும் சிலிகேட்டை வைத்து ஓடு கட்டிக்கொள்ளும் நுண்ணுயிர் இது. அந்தச் சத்து தீர்ந்தால் தானாகக் குறையும். குழந்தைக்குப் பல் முளைக்கிற மாதிரி ஒரு கட்டம். ஒண்ணும் பண்ண வேணாம்.

நானும் ஒண்ணும் பண்ணல. அந்த ஒரு தடவைதான் சரியா நடந்துக்கிட்டேன்.

5/
மூணாவது மாசம் நூல்பாசி. கல் முழுக்கப் பச்சைப் பசேல்னு ஒரு அங்குலத்துக்கு முடி வளர்ந்த மாதிரி. வீட்டுக்கு வந்த சொந்தக்காரர், "என்ன டாக்டர், மீனா புல்லா, எதை வளர்க்கிறீங்க?" என்று கேட்டுட்டுப் போனார். ராத்திரி டூட்டி முடிஞ்சு வந்து கையை விட்டுப் பிடுங்குவேன். ஒரு வாரத்தில் திரும்ப வந்துடும்.

டெஸ்ட் கிட்டில் பாஸ்பேட் பார்த்தேன். 0.02. நைட்ரேட் 2. "சத்தே இல்லையே, எதைத் தின்னு இது வளருது?" அந்தக் கேள்வியை அங்கேயே விட்டுட்டு, மருந்தைத் தேட ஆரம்பிச்சேன். என் முதல் தப்பு அதுதான்.

6/
அஞ்சாவது மாசம் மணல் மேல சிவப்பா, வழவழன்னு ஒரு படலம். காலையில் கம்மி, விளக்கு எரிய எரிய விரியும், மேலே குட்டிக் குட்டி காற்றுக் குமிழ். இதைப் பாசின்னு சொன்னாலும் உண்மையில் பாசி இல்லை, பாக்டீரியா. பள்ளியில் நீலப்பசும்பாசின்னு படிச்சோமே, அதே சயனோபாக்டீரியா. நிறம் மட்டும் சிவப்பு.

பாக்டீரியான்னா ஆன்டிபயாட்டிக் கேட்கும். என் மேஜை டிராயரில் எரித்ரோமைசின் இருந்தது.

7/
சளிக்கு ஆன்டிபயாட்டிக் கேட்டு வர்றவங்களை உட்கார வச்சுப் பத்து நிமிஷம் அறிவுரை சொல்லி அனுப்புற ஆள் நான். அன்னிக்கு மாத்திரையைப் பொடி பண்ணித் தொட்டியில் கலக்கினேன். மூணே நாள். சிவப்புப் படலம் காணோம். வீட்ல எல்லாருக்கும் கூப்பிட்டுக் காட்டினேன்.

நாலாம் நாள் காலையில் ஒரு க்ளவுன் மீன் மூலையில் மேல் தண்ணியில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கிட்டு இருந்தது. நான் ஏர் பம்ப் வைக்கிறதுக்குள்ள முடிஞ்சு போச்சு.

8/
காரணம் பெரிய மர்மம் எதுவும் இல்லை. அவ்வளவு படலமும் ஒரே நேரத்தில் செத்தால் அது அழுகும். அழுகும்போது தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் போய்விடும். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் கரைவதே குறைவு, நம்ம ஊர் மே மாசம் கேட்கவே வேணாம். கூடவே, மீனின் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றித் தரும் நல்ல பாக்டீரியாவும் அந்தத் தொட்டியில்தான் குடியிருக்கு. ஆன்டிபயாட்டிக்குக் கெட்டது நல்லது பார்க்கத் தெரியாது. அன்று டெஸ்ட் கிட்டில் அம்மோனியா நிறம் காட்டியது.

பொண்ணு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. "அப்பா, மருந்து கொடுத்தா சரியாகும்னு சொன்னீங்கள்ல?"

9/
ஆறு வாரத்தில் சிவப்புப் படலமும் திரும்ப வந்தது. நூல்பாசி போகவே இல்லை. எனக்குக் கோபம். பாசி மேலயா, என் மேலயா தெரியல.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், "ஒவ்வொரு கல்லா வெளியே எடுத்துக் கொதிக்கிற தண்ணி ஊத்தித் தேய்ச்சுடறேன், வேரோட போகட்டும்" என்று முடிவு பண்ணினேன். முதலில் எடுத்தது அதிகமாகப் பாசி பிடித்திருந்த கல். அந்த பட்டன் மாதிரி உயிர்கள் ஒட்டியிருந்த அதே கல்.

10/
கிச்சன் சிங்கில் கல். கெட்டிலில் கொதிநீர். ஊத்தினதும் ஆவி குப்புனு முகத்துக்கு வந்தது. பழைய டூத் பிரஷ்ஷால் அழுத்தித் தேய்த்தேன். அந்தப் பட்டன்கள் வழண்டு வந்தன. பக்கத்து மேடையில் மனைவி தோசை மாவு கரைச்சுக்கிட்டு இருந்தாங்க. ஜன்னல் சாத்தியிருந்தது, கொசு வரும்னு. பொண்ணு நல்லவேளையா பாட்டி வீட்டில்.

11/
எட்டு மணிக்கு ரெண்டு பேருக்கும் தொண்டை அரிப்பு, வறட்டு இருமல். பத்து மணிக்கு எனக்கு நடுக்கத்தோடு காய்ச்சல், 102. வாயில் நாணயத்தைப் போட்டு வைத்த மாதிரி ஒரு உலோகக் கசப்பு. தொடையெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி வலி. "ஊர் முழுக்க வைரல் ஃபீவர் சுத்துது" என்று எனக்கு நானே சொல்லிக்கிட்டு ஆளுக்கு ஒரு பாராசிட்டமால் போட்டோம்.

ஒரு மணிக்கு மனைவிக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. அப்புறம்தான் காரை எடுத்தேன்.

12/
எமர்ஜென்சியில் இருந்தது ஒரு இளம் டாக்டர். என்னிடம் படிச்ச பொண்ணு. நான் போனதும் போகாததுமா, "வைரல் மாதிரிதான்மா இருக்கு" என்று டயக்னோசிஸையும் நானே சொன்னேன். அவங்க ஆக்சிஜன் மாட்டினாங்க, நெபுலைசர் வச்சாங்க, ஈசிஜி எடுத்தாங்க. அப்புறம் கேட்டாங்க:

"சார், ரெண்டு பேருக்கும் ஒரே மணி நேரத்துல ஆரம்பிச்சிருக்கு. சாயங்காலம் சேர்ந்து எங்கேயாவது போனீங்களா?"
"இல்லம்மா, வீட்லதான்."
"வீட்ல என்ன பண்ணிட்டிருந்தீங்க சார்?"
"மீன்தொட்டிக் கல்லைக் கழுவிட்டு இருந்தேன்."
"எதை வச்சு?"
"சுடுதண்ணி."

கொஞ்ச நேரம் போனில் ஏதோ தேடினாங்க. அப்புறம் போனைத் திருப்பி என்கிட்ட நீட்டினாங்க. அதே பட்டன் பட்டனான உயிர்கள். "இது மாதிரி இருந்ததா சார்?"

13/
அவற்றின் பெயர் ஜோவான்திட். பவளத்துக்குத் தூரத்துச் சொந்தம். அந்தக் குடும்பத்தில் பாலிதோவா என்ற வகையில் பாலிடாக்ஸின் என்ற நஞ்சு இருக்கலாம். இயற்கையில் கிடைக்கும் மிகக் கொடிய நஞ்சுகளில் ஒன்று. 1971-ல் ஹவாய் ஆய்வாளர்கள் இதைப் பிரித்தெடுத்து விவரித்தார்கள். ஹவாய் பழங்குடிகள் இதை எப்போதோ அறிந்து, "ஹானா ஊரின் கொல்லும் பாசி" என்று பெயரே வைத்திருந்தார்கள். அது பாசி இல்லை, விலங்கு. ஆனா பேர் அப்படித்தான்.

14/
இது உடம்பில் என்ன செய்யும்? நம்ம ஒவ்வொரு செல்லின் சவ்விலும் ஒரு பம்ப் இருக்கு. சோடியத்தை வெளியே தள்ளி, பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். பாலிடாக்ஸின் அந்தப் பம்ப்பைத் திறந்த கதவாக மாற்றிவிடும். உள்ளே இருக்க வேண்டியது வெளியே, வெளியே இருக்க வேண்டியது உள்ளே. தசை, இதயம், நுரையீரல் எல்லாம் பாதிக்கலாம். மாற்று மருந்து கிடையாது. ஆக்சிஜன், கண்காணிப்பு, அறிகுறிக்கு ஏற்ற சிகிச்சை, அவ்வளவுதான்.

15/
கொதிநீர் ஊற்றினால், பிரஷ்ஷால் தேய்த்தால், அழுத்தமான நீரைப் பீய்ச்சினால், அந்த நஞ்சு நுண்துளியாகக் காற்றில் கலந்து மூச்சோடு உள்ளே போகும். கொதிநீர் அதைச் செயலிழக்க வைக்காது. 2012-க்கும் 2014-க்கும் இடையே அலாஸ்காவில் மீன்தொட்டிக் கடையிலும் வீடுகளிலும் இப்படிப் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அறிக்கையே வெளியிட்டிருக்கிறது. படிக்கப் படிக்க எங்க வீட்டுக் கதை மாதிரியே இருந்தது.

16/
எங்களுக்குப் பாலிடாக்ஸின்தான் என்று ரத்தத்தில் நிரூபிக்கும் டெஸ்ட் அங்கே இல்லை. ஆனால் நேரமும் அறிகுறியும் அச்சு அசலாகப் பொருந்தின. தசை சிதைவைக் காட்டும் சிகே அளவு எனக்கு ஏறியிருந்தது. ஒரு நாள் முழுக்க மானிட்டர். மறுநாள் சாயங்காலம் வீடு. மனைவிக்கு இருமல் நிற்க மூணு வாரம் ஆச்சு.

"முதல்ல ஹிஸ்டரி கேளுங்க, அப்புறம்தான் மருந்து" என்று பதினஞ்சு வருஷமா மாணவர்களுக்குச் சொல்றேன். என் தொட்டிக்கும் கேட்கல, எனக்கும் கேட்கல. என் மாணவிதான் கேட்டாங்க.

17/
வீட்டுக்கு வந்ததும் ஒரு நோட்டு எடுத்தேன். தொட்டிக்கு ஹிஸ்டரி எழுத ஆரம்பிச்சேன். என்ன உள்ளே போகுது, என்ன வெளியே வருது, எத்தனை மணி நேரம் வெளிச்சம். பாசி நோய் இல்லை, காய்ச்சல் மாதிரி ஓர் அறிகுறி. வெளிச்சமும், நைட்ரஜனும், பாஸ்பரஸும் கிடைத்தால் வளரும். எங்கிருந்து கிடைக்குதுன்னு கண்டுபிடிக்காம பிடுங்கிக்கிட்டே இருந்தா, ஆயுசுக்கும் பிடுங்கலாம்.

18/
ஹிஸ்டரி ஒன்று: சாப்பாடு.
காலையில் நான் ஒரு சிட்டிகை போடுவேன். ஸ்கூல் விட்டு வந்து பொண்ணு ஒரு சிட்டிகை. சாயங்காலம் மாமனார், "வாயில்லா ஜீவன், பாவம், பசிக்கும்" என்று ஒரு கை. யாருக்கும் மத்தவங்க போட்டது தெரியாது. மிச்சம் இருந்தது ஒரே ஒரு சின்ன மீன்!

சர்க்கரை நோயாளி "நான் ஒண்ணுமே சாப்பிடறதில்லையே டாக்டர்" என்பார். கூட வந்த மனைவி பின்னாடி நின்று தலையாட்டுவாங்களே, அதே கதை.

இப்போ ஒரு நாளைக்கு ஒரு வேளை, ரெண்டு நிமிஷத்தில் மீன் தின்னு முடிக்கிற அளவு. உறைந்த இறாலைப் போடும் முன் வடிகட்டியில் அலசிடுவோம், அந்த உருகின தண்ணியிலும் சத்து இருக்கு. மாமனாருக்குத்தான் வருத்தம். டப்பாவை அவர் பொறுப்பிலேயே கொடுத்துட்டேன். இப்போ அவர்தான் எல்லாரையும் கண்டிக்கிறார்.

19/
ஹிஸ்டரி இரண்டு: தண்ணீர்.
"ஆர்ஓ தண்ணிதான் ஊத்தறேன்" என்று பெருமையா சொல்லிட்டு இருந்தேன். டிடிஎஸ் மீட்டர் வாங்கி வச்சா 85. வீட்டு ஆர்ஓ மெஷின் பலதில் டிடிஎஸ் கன்ட்ரோலர் இருக்கும், குடிக்க ருசியா இருக்கட்டும்னு கொஞ்சம் பழைய தண்ணியைத் திரும்பக் கலக்கும். நமக்கு நல்லது, தொட்டிக்கு இல்லை. தண்ணி ஆவியாகும்போது கரைந்திருப்பது உள்ளேயே தங்கும், நாம தினமும் மேலே மேலே ஊத்தறோம். இப்போ தனியா ஒரு சின்ன ஆர்ஓ, அதுக்குப் பின்னாடி டிஐ ரெசின் குழாய். மீட்டரில் 0 காட்டினால்தான் தொட்டிக்கு.

20/
ஹிஸ்டரி மூன்று: வெளிச்சம்.
விளக்கு 12 மணி நேரம். கூடவே கிழக்கு ஜன்னல் வழியா காலை வெயில். இப்போ 8 மணி நேரம், டைமரில். ஜன்னலுக்குத் திரை. இது மட்டுமே பாசியைக் கொல்லாது. ஆனா வேகத்தைக் குறைக்கும்.

21/
ஹிஸ்டரி நான்கு: கல். முக்கியமான இடம்.
டெஸ்டில் பாஸ்பேட் 0.02 என்று வந்ததே, அப்புறம் பாசி எதைத் தின்னது?

நம்ம உடம்பில் இருக்கும் பாஸ்பேட்டில் சுமார் 85 சதவீதம் எலும்பில்தான் இருக்கு. ரத்தத்தில் இருப்பது சொற்பம். தொட்டியும் அப்படித்தான். சுண்ணாம்புக் கல் பாஸ்பேட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தண்ணீரில் அளவு குறைந்தால் மெதுவாகத் திருப்பி விடும். நண்பர் கொடுத்தது அஞ்சு வருஷம் மீன் கழிவில் ஊறிய கல். கல் கொடுக்கக் கொடுக்க, அதன் மேலேயே உட்கார்ந்திருக்கும் பாசி குடித்துவிடும். தண்ணியில் மிச்சம் இருந்தாத்தானே டெஸ்டில் தெரியும்!

"டெஸ்ட் நார்மல்" என்பதற்கும் "எல்லாம் நார்மல்" என்பதற்கும் உள்ள தூரம் எந்த டாக்டருக்கும் தெரியும். நான்தான் மறந்துட்டேன்.

22/
வைத்தியமும் அதே மாதிரிதான். சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்குப் பாஸ்பேட் ஏறும். முதலில் சாப்பாட்டில் குறைப்போம். பிறகு சாப்பாட்டோடு பாஸ்பேட்டைக் கட்டிப் பிடிக்கும் மாத்திரை கொடுப்போம். அதில் ஒரு வகை லாந்தனம், இன்னொரு வகை இரும்பு. மீன்தொட்டிக்காரர்கள் பாஸ்பேட்டை இறக்கப் பயன்படுத்துவதும் லாந்தனம் குளோரைடு, அல்லது குருணை வடிவ இரும்பு ஆக்சைடு! இதைப் படிச்ச அன்னிக்கு ரொம்ப நேரம் சிரிச்சேன். (அதுக்காக யாரும் டயாலிசிஸ் மாத்திரையைத் தொட்டியில் போட்டுடாதீங்க. ஏற்கெனவே ஒருத்தன் எரித்ரோமைசின் போட்டுப் பார்த்தாச்சு.)

23/
நான் எடுத்தது இரும்புக் குருணை, சொன்ன அளவில் பாதி. கூடவே வாரம் ஒரு நாள் 18 லிட்டர், அதாவது 10 சதவீதம் தண்ணீர் மாற்றம். கணக்கு ஒண்ணு சொல்றேன். நைட்ரேட் 40 இருந்தால், 10 சதவீதம் மாற்றினால் 36தான் ஆகும். புதுசா ஒண்ணுமே சேராமல் இருந்தால்கூட நாலு வாரத்தில் சுமார் 26. அதனால "நேத்து தண்ணி மாத்தினேன், இன்னிக்கும் பாசி இருக்கே" என்று கேட்காதீங்க. உள்ளே போறதைக் குறைக்காம தண்ணி மட்டும் மாத்தறது, குழாயை மூடாம தரையைத் துடைக்கிற வேலை.

பாசியைப் பிடுங்குறதும் உண்டு. தொட்டிக்குள்ளேயே, தண்ணிக்கு அடியிலேயே, கையுறை போட்டு மெதுவா பிடுங்கி, சின்ன குழாயால் உறிஞ்சி வெளியே எடுக்கணும். பாசியோடு அது குடித்த சத்தும் வெளியே போகும்.

24/
ஒரு இடத்தில் திரும்ப அவசரப்பட்டேன். குருணையை இரட்டிப்பாக்கினேன். பாஸ்பேட் 0, நைட்ரேட் 0. ஜெயிச்சுட்டேன்னு நினைச்சேன். ரெண்டு வாரத்தில் மூக்குச்சளி மாதிரி பழுப்பு இழை, நுனியில் குமிழோடு. டைனோஃபிளாஜெல்லேட். சத்தே இல்லாத தண்ணியில் போட்டிக்கு ஆள் இல்லாமல் இது தலையெடுக்கும். இதில் ஆஸ்ட்ரியாப்சிஸ் என்று ஒரு வகை, பாலிடாக்ஸினின் நெருங்கிய உறவுகளைத் தயாரிக்கும். 2005-ல் இத்தாலியின் ஜெனோவா கடற்கரையில் இது பெருகியபோது, காற்றைச் சுவாசித்த சுமார் 200 பேர் இருமல், காய்ச்சலோடு மருத்துவமனைக்குப் போனார்கள்.

குருணையை எடுத்துட்டேன். மெதுவா பழைய அளவுக்கு வந்தது. சத்து பூஜ்யம் ஆகக் கூடாது. நான் வச்சிருக்கிற அளவு: பாஸ்பேட் 0.05-ல் இருந்து 0.1, நைட்ரேட் 5-ல் இருந்து 10. ரத்த அழுத்தம் அதிகமா இருக்குன்னு அதை 0-க்கு இறக்க முடியாதில்லையா?

25/
மேயுறவங்களை மறக்காதீங்க. 1983-ல் கரீபியன் கடலில் ஒரு நோய் வந்து நீளமுள் கொண்ட கடல் முள்ளெலிகள் கூட்டம் கூட்டமாக, 90 சதவீதத்துக்கும் மேல் செத்தன. பாசியை மேய்ந்துகொண்டிருந்தவை அவைதான். ஜமைக்காவில் மீன்பிடிப்பு ஏற்கெனவே பாசி தின்னும் மீன்களைக் குறைத்திருந்தது, புயலும் பவளத்தை உடைத்திருந்தது. 1970-களின் கடைசியில் 50 சதவீதத்துக்கும் மேல் இருந்த பவளப் பரப்பு, 1990-களின் தொடக்கத்தில் 5 சதவீதத்துக்கும் கீழே. மிச்ச இடமெல்லாம் பாசி. கடலுக்கே அந்த நிலைமைன்னா, என் மூணடித் தொட்டியில் அஞ்சு நத்தை எம்மாத்திரம்? இப்போ பதினஞ்சு.

26/
பிடுங்கின பாசியையும் பழைய தண்ணியையும் கடலில் விடாதீங்க. "கடல் பொருள்தானே மாப்ள, பெசன்ட் நகர்ல கொட்டிடலாமே" என்று மாமனார் கேட்டார். 1984-ல் மொனாக்கோ கடல் அருங்காட்சியகத்துக்குக் கீழே ஒரு சின்னத் திட்டாகத் தென்பட்ட காலெர்ப்பா என்ற தொட்டிப் பாசி, பிறகு மத்தியதரைக் கடலின் கரையோரங்களில் ஆயிரக்கணக்கான ஏக்கருக்குப் பரவியது. 2000-ல் அதே பாசி கலிபோர்னியாவில் தென்பட்டபோது தார்ப்பாயால் மூடி குளோரின் செலுத்தி, 2006 வரை போராடித்தான் ஒழித்தார்கள். நம்ம மன்னார் வளைகுடாவிலும் வளர்ப்புக்காகக் கொண்டுவந்த கப்பாஃபைகஸ் பாசி குருசடைத் தீவுப் பவளங்கள் மேல் படர்ந்த கதை உண்டு. வெயிலில் நல்லா காய வச்சுக் குப்பையில் போடுங்க.

27/
நீங்க கட்டாயம் செய்ய வேண்டியது:

கல்லின் மேல் பட்டன் மாதிரி உயிர்கள் இருந்தால், பெயர் தெரியாவிட்டாலும் நஞ்சு என்றே வச்சுக்கோங்க. கொதிநீர், மைக்ரோவேவ், பிரஷ், அழுத்த நீர் எதுவும் வேண்டாம். தொட்டியில் கை விடும்போது கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி. கையில் வெட்டுக்காயம் இருந்தால் அன்னிக்கு விட்டுடுங்க. கிச்சன் சிங்க் சமையலுக்கு மட்டும்.

தொட்டி வேலைக்குப் பின் இருமல், நடுக்கம், வாயில் உலோகக் கசப்பு, தசைவலி வந்தால், எல்லாரும் அந்த அறையை விட்டு வெளியே வந்து உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க. கண்ணில் பட்டிருந்தால் முதலில் நல்ல தண்ணியில் நிறைய நேரம் கழுவுங்க.

28/
தொட்டி இல்லாதவங்களுக்கும் ஒரு விஷயம்னு சொன்னேன் இல்லையா? டாக்டரிடம் போகும்போது, காய்ச்சல் எப்போ வந்ததுன்னு மட்டும் சொல்லாதீங்க. அதுக்கு முன்னாடி என்ன செஞ்சீங்கன்னும் சொல்லுங்க. புது பெயின்ட், கிணறு சுத்தம், புறாக்கூடு, மீன்தொட்டி, எதுவா இருந்தாலும். கையில் வாரக்கணக்கா ஆறாத ஒரு சிவப்புக் கட்டி, மீன்தொட்டி இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னால் மைக்கோபாக்டீரியம் மரினம் என்று பிடிபடும். சொல்லலைன்னா மாசக்கணக்கில் தப்பான மருந்து ஓடும். "இதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்" என்று நீங்களே தள்ளிடாதீங்க. டாக்டர் கேட்கலைன்னாலும் சொல்லுங்க. நான் கேட்காம விட்ட டாக்டர்தான்.

29/
நாலு மாசம் ஆச்சு நூல்பாசி அடங்க. மருந்து எதுவும் இல்லை, நோட்டு மட்டும்தான். கல்லில் இப்போ ஊதா நிறத்தில் சுண்ணாம்புப் பாசி படர ஆரம்பிச்சிருக்கு, அது நல்ல அறிகுறி. பின்பக்கக் கண்ணாடியில் கொஞ்சம் பச்சைப் பாசியை விட்டு வச்சிருக்கேன். நத்தைங்க சாப்பிடணும்ல. பாசியே இல்லாத கடல் எங்கேயும் இல்லை.

போன மாசம் பொண்ணு ரெண்டாவது நீமோ வாங்கலாமான்னு கேட்டா. வாங்கினோம். இந்தத் தடவை நோட்டு அவ கையில். நேத்து ராத்திரி சாப்பாட்டு டப்பாவை எடுத்த என்னைப் பார்த்து, "அப்பா, இன்னிக்கு தாத்தா போட்டாச்சு, எழுதியிருக்கேன் பாருங்க" என்றாள். டப்பாவை மூடி வச்சுட்டேன்.

மீன்தொட்டி வச்சிருக்கிற ஒருத்தருக்காவது இதை அனுப்புங்க. அந்த 13-ல் இருந்து 15 வரைக்கும் கட்டாயம் படிக்கச் சொல்லுங்க.